ஈரப் பேரீச்சை

பெல்ட் சுற்றத் தொடங்கிவிட்டது, ஆனால் வெறும் பெல்ட்தான், கறுப்பு ரப்பர் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று மடங்கி, யாருடைய சாமானும் இல்லாமல், திருச்சி விமான நிலையத்தின் அந்தக் கூடத்தைச் சும்மா ஒரு வலம் வந்துவிட்டு மறுபடியும் சுவரிலிருந்த ஓட்டைக்குள் போனது. வழிவிட்டான் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். அங்கே தொங்கிய ரப்பர் பட்டைகளுக்குப் பின்னால் வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சம் என்றால் வெயில். மஸ்கட்டிலிருந்து வந்த விமானம் தரையில் நின்று, படி ஒட்டி, ஆட்கள் இறங்கி, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்குகிற வரிசை நகர்ந்து முடிகிற அவ்வளவு நேரமும் பெட்டி எங்கே இருந்திருக்கும், விமானத்தின் வயிற்றுக்குள்ளா, இழுவை வண்டியின் நிழலிலா, தார்த்தரையிலா. காலை வெயில்தானே என்று ஒரு மனசு சொன்னது, ஆடி மாசத்துக் காலை வெயிலும் வெயில்தான் என்று இன்னொரு மனசு சொன்னது. தெர்மாகோல் பெட்டி. உள்ளே உறையவைத்த தண்ணீர்ப் பாட்டில்கள், அவற்றுக்கு நடுவே ஈரத்துணி போர்த்திய பேரீச்சம்பழம். கடையில் பாக்கெட்டுக்குள் கறுத்து நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கிற பேரீச்சை இல்லை. மரத்திலேயே பாதி கனிந்து, காம்புப் பக்கம் இன்னும் மஞ்சளாக, நுனிப் பக்கம் தேன் நிறத்தில் இளகி, விரல் பட்டால் தோல் வழுக்குகிற ஈரப் பழம். ருத்தப் என்பார்கள் அங்கே. வருஷத்தில் கொஞ்ச நாள்தான் அது இருக்கும், மரத்தைவிட்டு இறங்கினால் குளிர் கேட்கும், குளிர் இல்லையென்றால் ஒரே பகலில் புளித்துக் கள் வாடை அடிக்கும். புளித்திருக்குமா. இந்த நிமிஷம் புளித்துக்கொண்டிருக்குமா. கையிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று மஸ்கட்டில் கவுண்டர் பெண்ணிடம் கெஞ்சிப் பார்த்தான், அவள் பெட்டியின் அகலத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடியே தலையை ஆட்டினாள், பெட்டி பட்டையில் ஏறி, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனது, பிள்ளையை முதல்நாள் பள்ளிக்கூடத்தில் விட்ட மாதிரி அவன் அங்கேயே நின்றான், பின்னால் நின்றவன் தோளைத் தொட்டு நகரச் சொல்லும்வரை.

வேண்டாம் என்று சொல்லாத ஆளில்லை. அறையில் கூட இருந்த ஷம்சு, மலப்புறத்துக்காரன், டிராக்டர் ஓட்டுகிறவன், கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு அவன் பெட்டி கட்டுவதைப் பார்த்தான். "எடா வழி, ஈந்தப்பழத்துக்கு ஐஸ் வெச்சுக் கொண்டுபோற ஆளு உலகத்துல நீ ஒருத்தன்தான். நாட்டுல கிடைக்காதா ஈந்தப்பழம்?" கிடைக்கும். எல்லாம் கிடைக்கும். கமுதிக் கடைத்தெருவில் பேரீச்சை கிடைக்கும், பால்பவுடர் கிடைக்கும், வாசனைத் திரவியம் கிடைக்கும், பூப்போட்ட கம்பளி கூடக் கிடைக்கும், ஆனாலும் வளைகுடாவிலிருந்து வருகிறவன் கம்பளி கொண்டுவர வேண்டும், பஞ்சவர்ணம் போனில் கம்பளி கேட்டிருந்தாள், தைலம் கேட்டிருந்தாள், அவளுடைய அப்பாவுக்கு ஒரு டார்ச் லைட் கேட்டிருந்தாள். எடைக்கு மேல் போனதால் கம்பளி நின்றுவிட்டது. டார்ச் லைட் வந்தது. கம்பளி எங்கே என்று கேட்பாள். கேட்கட்டும், பெட்டியைத் திறந்து காட்டிவிடலாம். திறந்தால் புளித்த வாடை அடித்தால். அடித்தால் என்ன சொல்வான், வழியில் கெட்டுப்போச்சு என்பான், அவள் ஒன்றும் சொல்லமாட்டாள், அவளுடைய அப்பா சோலைமலையும் ஒன்றும் சொல்லமாட்டார், ஒன்றும் சொல்லாமல் இருப்பதில்தான் எல்லாம் இருக்கும், ஏற்கனவே சொன்னது போதாதா. பெல்ட்டில் முதல் சாமான் வந்தது, நைலான் கயிறு போட்டு இறுக்கிய அட்டைப்பெட்டி, அதன்மேல் பட்டை மார்க்கரில் பெயரும் ஊரும். அடுத்து ஒரு சிவப்பு சூட்கேஸ். அடுத்து சாக்குத் துணியில் தைத்த ஏதோ ஒன்று. பக்கத்தில் நின்ற மனிதர் அவனைப் பார்த்து, "டிவி பொட்டிய பத்திரமா இறக்குவாய்ங்களா தம்பி?" என்று கேட்டார். இறக்குவார்கள் என்றான். டிவியாக இருந்தால் நல்லது. டிவி புளிக்காது.

அந்தப் பேச்சு. அதை நினைக்கவே கூடாது என்று விமானத்தில் ஏறும்போதே முடிவுபண்ணியிருந்தான், ஆனால் நாக்கு சொத்தைப் பல்லைத் தேடிப் போகிற மாதிரி மனசு அங்கேதான் போகும், இத்தனை வருஷமும் அங்கேதான் போயிற்று, பேரீச்சை மரத்து உச்சியில் இடுப்புக் கயிற்றில் சாய்ந்து வேலை பார்க்கும்போது, மத்தியான வெயிலில் அறையில் படுத்திருக்கும்போது. கமுதிக்குக் கிழக்கே அவனுடைய நிலம், கரிசலும் உவரும் கலந்தது. மிளகாய் போட்டான், ஒரு வருஷம் வாடல் நோய், மறு வருஷம் பழம் பறிக்கிற நேரத்தில் பெய்யாத மழையெல்லாம் சேர்ந்து பெய்தது. எலுமிச்சை வைத்தான், பிடிக்கவில்லை. போர் போட்டான், புழுதி வந்தது, இன்னொன்று போட்டான், கொஞ்ச நாள் தண்ணீர் வந்து நாக்கில் வைக்க முடியாத உப்பாய் மாறியது, கடைசியாகப் போட்டதும் புழுதியைத்தான் கக்கியது. அவன் வளைகுடாவுக்குப் போகுமுன் வந்த மாசிக் களரியில், குலசாமி கோயில் கிடாவெட்டில், பந்தியில் உட்கார்ந்திருந்தபோது சோலைமலை சொன்னார். அவருக்குக் கண்மாய்ப் பாசனம், வருஷம் தவறாமல் நெல், பேச்சிலும் அந்தத் தண்ணீரின் தெம்பு இருக்கும். "மாப்ளக்கிக் கைராசி அப்பிடி. பச்சையா எதத் தொட்டாலும் பட்டுப்போகும். கருவேலத்த ஒழிக்கணும்னு கெவருமெண்டுக்காரன் என்னென்னமோ பண்றான்ல, மாப்ளய விட்டு ஒரு தடவ தடவிவிடச் சொன்னாப் போதும், ஜில்லாவே சுத்தமாயிரும்." பந்தி முழுக்கச் சிரித்தது. கெட்ட மனுஷன் இல்லை, வேடிக்கையாகப் பேசுவதாக நினைத்துத்தான் பேசினார், வேடிக்கையாகவும்தான் இருந்தது, வழிவிட்டானும் சிரித்தான், இலையில் இருந்த கறித்துண்டைப் புரட்டிக்கொண்டே சிரித்தான், அப்போது நிமிர்ந்து பார்த்தால் குழம்பு வாளியோடு நின்ற பஞ்சவர்ணம் முந்தானையை வாயில் வைத்து நின்றாள். சிரித்தாளா. புரையேறி இருமினாளா. அழுகையை அடக்கினாளா. முந்தானை வாயை மறைத்திருந்தது, கண் அவனைப் பார்க்கவில்லை, தோள் குலுங்கியது. சிரித்தாலும் தோள் குலுங்கும், அழுதாலும் குலுங்கும். மாமனார் சொன்னது வருஷம் போகப்போக ஆறிவிட்டது, அது வெறும் பேச்சு, ஆனால் அந்தத் தோள் ஆறவில்லை. கேட்டுவிடலாம், அன்னிக்கி நீ சிரிச்சியா என்று ஒரு வார்த்தை, போனில் எத்தனை தடவை வாய்வரை வந்தது, வெயிலா இருக்கா, சாப்பிட்டீங்களா என்று அவள் கேட்பாள், இருக்கு, சாப்பிட்டேன் என்று சொல்லி முடித்துவிடுவான். சிரித்தேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது.

பெல்ட்டில் இப்போது நெருக்கியடித்துக்கொண்டு வந்தன, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, எல்லாம் சூட்கேஸ்கள், எல்லாம் அட்டைப்பெட்டிகள், வெள்ளையாக ஒன்றுமே இல்லை. வெள்ளை என்றதும் உப்பு. அங்கே அந்த மூலை வெள்ளையாகத்தான் இருந்தது, ஓமனில் நிஸ்வா ஊருக்கு அந்தப்பக்கம், மலையடிவாரத்துத் தோட்டத்தின் கடைக்கோடி, காலையில் பார்த்தால் யாரோ மாவு தூவிய மாதிரி உப்புப் பூத்துக்கிடக்கும். முதலாளி ஹமூத், அவனை ஒத்த வயசுக்காரர், அந்த இடத்தை ஆடு கட்டக்கூட லாயக்கில்லை என்று விட்டிருந்தார், அவனுக்கு முன்னால் வேலை பார்த்தவர்கள் வைத்த கன்றுகளின் எலும்பு மாதிரி காய்ந்த மட்டைகள் அங்கங்கே குத்திட்டு நின்றன. உவர் மண் அவனுக்குப் புதுசா என்ன. உப்பைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தோற்றுத் தெரிந்துகொண்டது, ஊரில் எங்கெங்கே தப்புப் பண்ணினோம் என்று இராப்பகலாய் யோசித்து வைத்தது, யோசித்ததைச் செய்துபார்க்க ஊரில் தண்ணீர் இல்லை, இங்கே மலையிலிருந்து கால்வாயில் நல்ல தண்ணீர் வந்தது. நான் வைக்கட்டுமா என்று கேட்டான். உன் இஷ்டம் என்றார் ஹமூத், உன் வேலையெல்லாம் முடித்துவிட்டு வை. ஆழமாகக் குழியெடுத்து, உப்பு மண்ணை அள்ளித் தள்ளி, மணலும் ஆட்டெருவும் போட்டு, தண்ணீரைத் தேக்கித் தேக்கி உப்பை அடியில் இறக்கிவிட்டு, தாய்மரத்து அடியிலிருந்து கன்று பிரித்து வந்து வைத்தான். கையில் உறை போட்டுக்கொண்டுதான் வைத்தான். மட்டை முள்ளுக்குப் பயந்து என்று ஷம்சு நினைத்துக்கொண்டான். முள்ளுக்கு இல்லை. பச்சையைத் தன் கை தொடக்கூடாது என்றுதான். அந்த அக்கினிச் சூட்டில், உறைக்குள் விரல்கள் வெந்து தோல் உரிந்த பிறகும், தண்ணீர் ஊற்றும்போது உறை, சாக்குச் சுற்றும்போது உறை, கன்றைத் தடவிப் பார்க்கவேண்டும் போலிருந்தால் உறையோடு தடவினான். ஒருநாள் உறை கிழிந்து விரல் வெளியே வந்துவிட்டது, கன்று பாதிக் குழியில் இருந்தது, விட்டுவிட்டுப் போக முடியாது, வெறுங்கையால் மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு அறைக்கு வந்து சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். அந்தக் கன்றும் பிடித்தது. மற்றதெல்லாம் பிடித்த மாதிரியே, சாக்குக்குள்ளிருந்து பச்சை ஈட்டி ஒன்று எட்டிப்பார்த்தது. அதற்கப்புறம் அவன் உறை போடவில்லை. முள் குத்தியது, குத்தட்டும் என்று விட்டான்.

வழிவிட்டான் என்ற பெயர் ஹமூதின் நாக்கில் நிற்கவில்லை, வழி என்று சுருக்கினாலும் ழகரம் வரவில்லை, வாலி என்று ஆக்கிக்கொண்டார், அப்புறம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு சொன்னார், வாலி என்றால் இங்கே ஒரு ஊருக்கே அதிகாரி, பார்த்து நடந்துகொள்ளவேண்டும் உன்னிடம். தோட்டத்துக்கு வருகிற சொந்தக்காரர்களிடமும் அப்படியே சொல்வார். போன வருஷம் மரங்கள் முதல் பாளை விட்டபோது அவன் பயந்தது இந்தப் பெல்ட் முன்னால் பயப்படுவதைவிட அதிகம். ஆண்மரத்துப் பாளையை வெட்டி வந்து, கோதுமை மாவு வாடை அடிக்கிற அந்த வெள்ளைப் பூச்சரத்தைப் பிரித்து, பெண்பாளைக்கு நடுவில் தலைகீழாகச் செருகி, நார் போட்டுக் கட்டவேண்டும். காற்று அதைத் தானாகச் செய்யாது, கைதான் செய்யவேண்டும், பாளைக்குப் பாளை, மரத்துக்கு மரம், கை. பட்டுப்போகிற கை என்று பெயர் வாங்கிய அதே கை. போன வருஷம் காய் பிடித்து, பிஞ்சிலேயே பாதி உதிர்ந்தது, அவன் யாரிடமும் சொல்லவில்லை, உதிர்ந்ததைக் கூட்டி அள்ளி ஆட்டுக்குப் போட்டான். இந்த வருஷம் உதிரவில்லை. குலைகள் இறங்கி, பாரம் தாங்காமல் மட்டைமேல் சாய்ந்து, பறவைக்குப் பயந்து வலைப்பை கட்டி, வலைக்குள் பச்சை மஞ்சளாகி, ஒருநாள் விடியலில் பார்த்தால் மஞ்சளின் நுனியில் ஒரு தேன் புள்ளி. அதைப் பஞ்சவர்ணத்திடம் சொல்லவில்லை. ஒரு படம் மட்டும் எடுத்து அனுப்பினான், யாரு தோட்டம் என்று கேட்டாள், முதலாளி தோட்டம் என்றான். உண்மைதானே. மண் அவருடையது, தண்ணீர் அவருடையது, பழம் அவருடையது. ஊருக்குப் போகுமுன் வேண்டியதை அறுத்துக்கொள் என்று அவர் சொன்னதால்தான் இந்தப் பெட்டி. நான் வளர்த்தது என்று சொல்லலாமா. சம்பளத்துக்கு வளர்த்ததை வளர்த்தது என்று சொல்லலாமா. சொன்னால் என்ன. ஆடு மேய்க்கிறவன் என் ஆடு என்றுதானே சொல்கிறான், பஸ் ஓட்டுகிறவன் என் வண்டி என்றுதானே சொல்கிறான்.

வெள்ளையாக ஒன்று தெரிந்தது. ரப்பர் பட்டைகளை விலக்கிக்கொண்டு வந்தது, தலைகீழாக, அதன்மேல் யாருடைய சூட்கேஸோ ஏறிப் படுத்திருந்தது. அவன் இரண்டு பேரை இடித்துக்கொண்டு போய் சூட்கேஸைத் தள்ளிவிட்டுப் பெட்டியைத் தூக்கினான். மூலையில் ஒரு விரிசல். டேப் வியர்த்திருந்தது. அடியில் ஈரம். ஈரம் என்றால் ஐஸ் உருகிவிட்டது, உருகினால் என்ன, உருகின தண்ணீரும் குளிர்தானே, உள்ளங்கையில் ஜில்லென்றுதான் இருந்தது, இல்லை, ஏ.சி. குளிரோ. பெட்டியை நெஞ்சோடு அணைத்து விரிசலுக்கு மூக்கைக் கொடுத்தான். தெர்மாகோல் வாடை. டேப் வாடை. வேறொன்றும் இல்லை. வேறொன்றும் இல்லையா, இல்லை விமானக் காற்றில் மூக்கு அடைத்துக்கிடக்கிறதா. டிவிக்காரர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தள்ளுவண்டியில் தோளில் கிடந்த பையைப் போட்டான், பெட்டியைப் போடவில்லை, ஒரு கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு மறு கையில் பெட்டியை இடுக்கிக்கொண்டு நடந்தான், அப்படி நடந்தால் சந்தேகம் வரும் என்று பாதி தூரம் போன பிறகுதான் தோன்றியது, தோன்றியபோது வந்தும்விட்டது. வெள்ளைச் சீருடையில் இருந்த சுங்க அதிகாரி விரலை மடக்கிக் கூப்பிட்டார்.

"பொட்டிக்குள்ள என்ன?" "பேரீச்சம்பழம் சார்." "பேரீச்சம்பழத்துக்கு எதுக்குய்யா தெர்மாகோல்?" ஷம்சு கேட்டதையே இவரும் கேட்கிறார், இது வேற பழம் சார் என்றான், வேற பழம்னா என்று அவர் கேட்டார், கேட்டுக்கொண்டே மேஜையில் வைக்கச் சொல்லி, கத்தியை எடுத்து டேப்பை நீளமாகக் கிழித்தார். மூடி வந்தது. ஈரத்துணியை அவர் விரல் நுனியால் தூக்கினார். தேனும் மஞ்சளுமாய், ஒன்றுகூட நசுங்காமல் என்று சொல்லமுடியாது, ஓரத்தில் சில நசுங்கித் தோல் கழன்று கிடந்தன, ஆனால் நடுவில் முழுசு முழுசாக, காம்போடு, இன்னும் கொத்தாகவே, அன்று காலை அறுத்து வைத்த மாதிரி. குளிர் ஆவி அவன் முகத்தில் பட்டது. புளிப்பு இல்லை. மழைக்கு முந்தின மண் மாதிரி, வெல்லம் மாதிரி ஒரு வாசம். அதிகாரி குனிந்து முகர்ந்து பார்த்தார். "இதுவரைக்கும் நான் பாத்ததில்லையே இப்பிடி. எந்தக் கடையில வாங்குனது?" வாங்கவில்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினான், முதலாளி குடுத்தது என்பதா, வேலை பாக்குற இடத்துல கிடைச்சது என்பதா, இரண்டும் சுலபம், இரண்டும் உண்மை, பின்னால் வரிசை நின்றது. "நான் வளத்தது சார்." குரல் உடைந்து கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. அதிகாரி நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார், பிறகு மேஜைமேல் இருந்த அவன் கைகளைப் பார்த்தார், முள் குத்திக் கறுத்த விரல்கள், நகத்தோடு சேர்ந்துபோன தழும்புகள். "கன்னு, மண்ணு ஏதாச்சும் வச்சிருக்கியா? அதெல்லாம் உள்ள விடமாட்டோம்." "இல்ல சார். பழம் மட்டுந்தான்." கன்று ஒன்று பிரித்து வைத்திருந்தான், ஈரச்சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில், கிளம்புகிற அன்று காலையில் அதைத் திரும்ப எடுத்துப் போய் ஒரு குழியில் வைத்து மிதித்துவிட்டு வந்தான், நல்லவேளை என்று இப்போது நினைத்துக்கொண்டான். அதிகாரி பையையும் ஒரு தடவை கிளறினார், டார்ச் லைட்டை அழுத்திப் பார்த்தார், ஒரு புது டேப் சுருளை அவன் பக்கம் தள்ளி, "நல்லா சுத்திக்க, வெளிய வெயில் அடிக்குது" என்றார். ஒரு பழம் எடுத்துக்குங்க சார் என்றான். வேலை நேரத்தில் வேண்டாம் என்று அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார், கூப்பிட்டுவிட்டு, டேப் சுற்றி முடிக்கும்வரை பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக் கதவு திறந்ததும் வெக்கை முகத்தில் அறைந்தது, கம்பித் தடுப்புக்கு அந்தப்பக்கம் தலை தலையாய்க் கூட்டம், அதில் பஞ்சவர்ணத்தை அவன் கண்டுபிடிக்குமுன் அவள் கண்டுபிடித்து, அரக்குச் சேலையில், கொஞ்சம் இளைத்து, இந்தா இந்தா என்று கையைத் தூக்கி ஆட்டினாள். பக்கத்தில் சோலைமலை, வெள்ளைத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு. "வாங்க மாப்ள. பிளேன்ல தூங்குனீகளா?" அவர் வருவார் என்று வழிவிட்டான் நினைக்கவில்லை. இந்த மனிதரிடம் சொல்வதற்கென்றே ஒரு வாக்கியம் செய்து வைத்திருந்தான், மரத்து உச்சியில் உட்கார்ந்து வருஷக்கணக்காய்த் தீட்டினது, முதல் வார்த்தை என்னவென்று தேடினான், அதற்குள் பஞ்சவர்ணம் பெட்டியைத் தொட்டுவிட்டாள். என்ன இது இம்புட்டுச் சில்லுன்னு இருக்கு என்றாள். திற என்றான். இங்கனயா, ஆளுக நிக்கிறாகளே என்றாள். பரவால்ல திற. வாகனங்கள் நிற்கிற இடத்தின் ஓரத்தில், ஒரு வேப்பமர நிழலில், வாடகைக் காரின் பானட்மேல் பெட்டியை வைத்து, இப்போதுதான் சுற்றிய டேப்பை அவள் பல்லால் கடித்துக் கிழித்தாள். துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, இது என்ன பழம் என்று கேட்டாள். பேரீச்சை என்றான். "பேரீச்சையா? இப்பிடியா இருக்கும்?" ஒன்றை எடுத்து, எப்படிக் கடிப்பது என்று தெரியாமல் ஒரு நொடி யோசித்து, பாதியைக் கடித்தாள். காம்புப் பக்கம் நறுக்கென்று முறிந்தது, நுனிப் பக்கம் வாயிலேயே கரைந்திருக்கும், அவனுக்குத் தெரியும், அந்த முறிவும் கரைவும் ஒரே வாயில் சேர்கிற இடம் அவனுக்கு நன்றாகத் தெரியும். அவள் மெல்லுவதை நிறுத்தினாள். கண்ணை மூடினாள். முந்தானை தோளில்தான் கிடந்தது, அவள் முகம் முழுசாகத் தெரிந்தது. "யாரு குடுத்தாக?" என்றாள். "நான் வச்ச மரம். உப்பு மண்ணுல வச்சேன். உங்கிட்டச் சொல்லல." இவ்வளவுதான் சொன்னான், வைத்திருந்த வாக்கியம் இது இல்லை, வேறு எதுவும் வரவில்லை. அவள் அவனையே பார்த்தாள். வேறு யாருமில்லாத இடத்தில் பார்ப்பதைப் போல, வெகுநேரம்.

சோலைமலை ஒன்றை எடுத்து வாயில் போட்டு, கொட்டையை நாக்கால் ஒதுக்கி, மெதுவாக மென்றார். அவர் முகத்தில் என்ன ஓடுகிறது என்று பார்க்க வழிவிட்டானுக்குத் துணிவில்லை, வேம்பின் பட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான், சொல்லப்போகிறார், வேடிக்கையாக ஏதாவது சொல்லப்போகிறார், சொல்லட்டும். அவர் இன்னொன்றை எடுத்தார். அதையும் மென்றார். பிறகு கொட்டையைத் துப்பிவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, வரப்பில் நின்று பக்கத்துக் காட்டுக்காரனிடம் கேட்கிற குரலில் கேட்டார். "உப்புத் தண்ணிக்கு நிக்குமா மாப்ள இது?" கேலி இருக்கிறதா என்று வழிவிட்டான் அந்தக் குரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இல்லை. கேள்விதான். பதில் தெரியாதவர் கேட்கிற கேள்வி. "நிக்கும் மாமா. மொதல்ல நல்ல தண்ணியத் தேக்கி உப்ப அடியில இறக்கிவிட்றணும். வேர் பிடிச்சிருச்சுன்னா அப்பறம் தாங்கும்." "எத்தன அடிக் குழி?" சொன்னான். ஆணும் பெண்ணும் தனித்தனி மரமாமே என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி, பாளை செருகுவதைக் கையை வைத்துக் காட்டினான், இப்படிப் பிரித்து, இப்படித் தலைகீழாக, இப்படிக் கட்டி, கை காற்றில் தானாக ஓடியது, மாமனார் அந்தக் கை போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

அவன் திரும்பிப் பார்த்தபோது பஞ்சவர்ணத்தைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். கார் டிரைவரின் வாயில் ஒரு பழம், அவர் கையில் இன்னொன்று. டிவிக்காரர் குடும்பத்தோடு வந்துவிட்டார், அவருடைய மனைவிக்கும் மச்சானுக்கும் ஆளுக்கொன்று. யாரையோ அழைக்க வந்து காத்திருந்த இரண்டு பெண்களுக்கு அவள் வலியப் போய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள், வேண்டாம் என்றவர்களின் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தாள், வீட்டு விசேஷத்துக்கு வெற்றிலை கொடுக்கிற தோரணையில். இப்படியே போனால் ஊருக்கு ஒன்றும் மிஞ்சாது, அவளுக்கே மிஞ்சாது என்று அவனுக்கு ஒரு பதற்றம் எழுந்து, எழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. அந்தப் பெண்களில் ஒருத்தி, இவ்வளவு நல்லா இருக்கே, எங்க வாங்குனது என்று கேட்டாள். "வாங்குனதா?" என்றாள் பஞ்சவர்ணம். அவள் குரல் இவ்வளவு உயரும் என்று அவனுக்கு இதுவரை தெரியாது. "எங்க வீட்டுக்காரரு அங்க தோட்டம் வச்சிருக்காரு." வச்சிருக்காரு. அந்தச் சொல் அவன் காதில் இரண்டாகப் பிரிந்து நின்றது. மரம் வைத்தவனையும் அப்படித்தான் சொல்வார்கள், சொத்து வைத்திருப்பவனையும் அப்படித்தான் சொல்வார்கள், கேட்கிறவர்கள் எதை எடுத்துக்கொள்வார்கள் என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்தது, டிவிக்காரர் அவனை மேலும் கீழும் புது மரியாதையோடு பார்த்தார். மண் என்னுடையது இல்லை, நான் சம்பளக்காரன் என்று சொல்லிவிடவேண்டும், பொய்யாகப் போய்விடும், பஞ்சவர்ணம் என்று கூப்பிட வாயைத் திறந்தான். அவள் நிமிர்ந்து, கையெல்லாம் பிசுபிசுவென்று தேன் ஒட்ட, வெயில் முகத்தில் விழ, அடுத்த ஆளுக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். வேட்டியாக இருந்தால் மடித்துக் கட்டியிருப்பான், பேண்ட் போட்டிருந்தான்; சட்டையை மட்டும் இழுத்துவிட்டுக்கொண்டு, தோட்டம் வைத்திருப்பவனாக அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றான்.